உச்சினி கொண்டுபோனது

ஹேவிளம்பி வருஷம், ஆனி 10, செவ்வாய்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி இடது பக்கம் மேட்டில் தொடங்கி வலது பக்கம் பள்ளத்தில் போய் முடிகிறது, மாடு தண்ணீருக்கு இறங்குவது போல. ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு, அடுத்தது கடுகு அளவு. பென்சிலை அழுத்தி இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. என் கை வேல்கம்பு பிடித்த கை. இவ்வளவு மெல்லிய சாமானை அது இதற்குமுன் பிடித்ததில்லை.

என் பெயர் பலவேசம். வயது அறுபத்திரண்டு. முப்பத்து மூன்று வருஷம் தபால் பையைத் தோளில் போட்டு ஓடினேன். ஆயிரக்கணக்கான கடுதாசிகளைச் சுமந்தவனுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இப்போது தெரியும்!

இன்று மகாராணியார் பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆன விழா. மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லட்டு. பெரியவர்கள் வகுப்பில் இருக்கிற எங்களுக்கு லட்டோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். அதுதான் இது. அந்த அம்மா அறுபது வருஷம் ராஜ்யம் ஆண்டிருக்கிறார். நான் ஒன்பது மாதத்தில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் பிடித்துவிட்டேன். யாருக்குப் பெருமை அதிகம் என்று தெரியவில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி ஞானப்பூ அம்மா. சாயங்காலம் நாலு மணிக்குப் பின்கட்டுச் சார்ப்பில் வகுப்பு. பதினொரு பேர். பத்துப் பேர் பெண்கள். பதினொன்றாவது நான்.

ஆனி 11, புதன்

மழை. கை வலிக்கிறது. லட்டில் பாதி இன்னும் இருக்கிறது.

ஆனி 14, சனி

இன்று சந்தைக்குப் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. படிக்கத்தான் போனேன். துணிக்கடைக்கு மேலே ஒரு நீலப் பலகை உண்டு. முப்பது வருஷமாக அதைக் கும்பிட்டுக்கொண்டு கடந்திருக்கிறேன், ஏதோ சாமி பெயர் என்று. இன்று எழுத்துக் கூட்டிப் பார்த்தால், ‘இங்கு வெற்றிலை துப்பாதே.’ நடுத்தெருவில் நின்று சிரித்தேன். கடைக்காரர் பயந்துபோய் வெளியே வந்து பார்த்தார்.

வகுப்பில் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். பனைவிளையிலிருந்து வருகிற தங்கப்பொன்னுதான் அதிகம் சிரித்தாள். வாய் ஓயாத பெண். “பாட்டா, அப்ப இவ்வளவு காலம் வெத்தலையைத் துப்பிட்டுக் கும்பிட்டியளா, கும்பிட்டுட்டுத் துப்புனியளா?” என்றாள்.

“ஏளா, எழுதுற வேலையைப் பாரு.”

“எழுதத்தான் தேடுதேன். பலகைக் குச்சியைக் காணோம். இங்கதான் வச்சேன். உச்சினி கொண்டுபோயிட்டா போல.”

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். எங்கள் ஆலடியூர்ப் பக்கத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் அப்படித்தான் சொல்வார்கள். கோழி காணோமென்றாலும் உச்சினி, கரண்டி காணோமென்றாலும் உச்சினி. பூனை, எலி என்பதுபோல ஒரு பேச்சு. அவள் ஒரு மனுஷி என்றுகூடத் தங்கப்பொன்னுக்குத் தெரியாது.

எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

ஆனி 15, ஞாயிறு

ஓடின நாட்களை நினைத்துக்கொண்டேன். கம்பின் முனையில் வேல், வேலின் கழுத்தில் கொத்துச் சலங்கை. சலங்கைச் சத்தம் கேட்டால் வண்டிகள் ஒதுங்கும். நாங்குநேரித் தபால் மேஸ்திரி என் காலைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார். ஏழு மைல் நான் ஓடுவேன், அடுத்த ஏழு மைல் இன்னொருவன். பையின் வாயில் அரக்கு முத்திரை. பை என் முதுகில் ஆடும்போதெல்லாம் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்பதாக நினைத்துக்கொள்வேன். யாரோ பிள்ளை பெற்றிருப்பார்கள், யாரோ அழுதிருப்பார்கள்.

மற்ற ஓட்டக்காரர்கள் இருட்டில் தீவட்டி பிடித்துத்தான் போவார்கள், காட்டுப்பன்றிக்கும் சிறுத்தைக்கும் பயந்து. நான் ஒரு நாளும் தீவட்டி எடுத்ததில்லை. இருட்டிலேயே ஓடுவேன். “பலவேசத்துக்கு ஈரல் பெருசு” என்பார்கள். அதற்காக ஒரு தடவை தலைப்பாகைத் துணிகூடப் பரிசாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆனி 17, செவ்வாய்

ஞானப்பூ அம்மா, “உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆளைப்பத்தி அரைப் பக்கம் எழுதிட்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நாங்கள் சலவைத் தொழில்காரர்கள். நம்பியாற்றுத் துறையில் அப்பாவுக்கு ஒரு கல், அக்காவுக்கு ஒரு கல், எனக்கு ஒரு சின்னக் கல். அக்கா துவைக்கிற சத்தம் மட்டும் தனியாகத் தெரியும். இரண்டு அடி வேகமாக, ஒரு அடி மெதுவாக. அக்கரையிலிருந்து கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

எங்களுக்கு எழுத்துக் கிடையாது, குறி உண்டு. சேங்கொட்டையை முள்ளால் குத்தி, அதில் வருகிற கறுப்புப் பாலைத் தொட்டுத் துணியின் மூலையில் வைப்போம். துணி நைந்தாலும் குறி போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. பெரிய வீட்டுக்கு மூன்று புள்ளி, கீழே ஒரு வில். பிள்ளை பெற்ற வீட்டுத் துணி வந்தால் பக்கத்தில் கோழிக்கால் போலச் சின்னதாக ஒன்று. துணி தொலைந்துவிட்டால் அந்த வீட்டுக் குறியைச் சுவரில் போட்டுச் சுற்றி ஒரு வட்டம். கிடைத்துவிட்டால் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. குறி வைப்பதெல்லாம் அக்காதான். அறுபது வீட்டுக் குறியும் அவளுக்கு மனப்பாடம்.

எங்கள் துணிக்கு மட்டும் குறி கிடையாது. அடுத்தவர் துணியோடுதானே குழம்பும், நம்முடையது நம்மிடம்தானே இருக்கிறது என்பார் அப்பா. நான் அழுதேன், எனக்கும் குறி வேண்டுமென்று. அக்கா என் துண்டை வாங்கி ஒரு கொக்கி போட்டு, அதன் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தாள். “இது என்னக்கா?” என்றேன். “நீதாம்லே. வயித்தைத் தவிர நீ வேற எதை நெனைக்க?” என்றாள்.

பிறகு அக்கா ஒரு உப்பு வண்டிக்காரரோடு இலங்கைக்குப் போய்விட்டாள். வேறு சாதி. போகும்போது பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கென்று வெளுக்க வந்த மயில்கண் கரை வேட்டியையும் கொண்டுபோய்விட்டாள். அவள் பெயர் உச்சினி.

அரைப் பக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் ஆகிவிட்டது. இதைக் காட்டப்போவதில்லை. தபால் மேஸ்திரியைப்பற்றி எழுதிக் காட்டுவேன்.

ஆனி 18, புதன்

நேற்று எழுதியதில் கடைசி மூன்று நாலு வரி சரியில்லை. அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிகிறது. இருக்கட்டும்.

ஆனி 20, வெள்ளி

மாடத்தி வயலுக்குப் போயிருந்தாள். மாடத்தி என் மகள், அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அடுப்பு அணைந்துவிட்டது. தீப்பெட்டி மாடத்தில் இருந்தது. கஞ்சியைச் சூடுபண்ணாமலே குடித்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஒரு குச்சியைக் கிழிச்சா கை தேஞ்சா போவும்? அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் படுத்துனிய. இப்ப என்னைய” என்றாள்.

அவள் சொல்வது சரி. நான் சுருட்டுக்கூடக் குடித்ததில்லை. நல்ல பழக்கம் என்று ஊரில் சொல்வார்கள்.

ஆனி 22, ஞாயிறு

ஏன் இந்த வயதில் படிக்கிறேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேதப் புத்தகம் படிக்க என்று ஞானப்பூ அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைச் சந்தோஷப்படுத்த நானும் மறுக்கவில்லை.

என் பெட்டியில் ஒரு கடுதாசி இருக்கிறது. அதைப் படிக்கத்தான்.

நான் ஓட்டக்காரனாகி ஆறாவது வருஷம் அது வந்தது. என் முதுகில்தான் வந்திருக்கிறது. தபாலாபீசில் பையைக் கொட்டிப் பிரித்த போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டார். “பலவேசம், உங்க அப்பா பேருக்கு ஒண்ணு வந்திருக்கு டேய். கண்டிப் பக்கம், ஏதோ காப்பித் தோட்டம்.”

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா உறையைத் தொடவில்லை. “எனக்கு இலங்கையில யாரும் இல்லை சாமி” என்றார்.

“பின்பக்கம் உச்சினின்னு பேரு போட்டிருக்கேப்பா.”

“அவ செத்துக் கருமாதி முடிஞ்சு போச்சு. செத்தவ கடுதாசி எழுதமாட்டா.”

அப்பா போய்விட்டார். உறையைத் திருப்பி அனுப்பவேண்டும் என்றார் போஸ்ட் மாஸ்டர். நான் கையேந்தி நின்றேன். அவர் நல்ல மனிதர். கொடுத்துவிட்டார்.

தடிமனான உறை. தொட்டால் மெத்தென்று இருக்கும். எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, தோட்டத்தில் யாரோ கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். முப்பத்தாறு வருஷமாக முத்திரை உடையாமல் இருக்கிறது. பிரித்து என்ன செய்ய? எழுத்து என்னைப் பார்க்கும், நான் எழுத்தைப் பார்ப்பேன். இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. அக்காவின் மேல் இருந்த பாசத்தால்தான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனி 25, புதன்

இன்று வகுப்பு முடிந்ததும் ஞானப்பூ அம்மா என்னை நிறுத்தினார். “பாட்டா, கைக்கடுதாசி எழுத்துப் படிக்கச் சொல்லிக் குடுங்கன்னு நாலு தடவை கேட்டுட்டிய. அச்செழுத்துதான் வேதத்துல இருக்கு. யாரு கடுதாசி?”

சொன்னேன். அக்கா என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

“எத்தனை வருஷமாச்சு?”

“முப்பத்தாறு.”

“ஐயோ! கொண்டாங்க, நான் வாசிச்சுக் காட்டுதேன். வெளிய ஒரு வார்த்தை போகாது.”

“வேண்டாம்மா.”

“அவங்களுக்கு என்ன கஷ்டமோ. உதவி கேட்டிருந்தா? பிள்ளைக்குச் சுகமில்லைன்னு எழுதியிருந்தா?”

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்டார். “எதுக்குப் பயப்படுதிய பாட்டா?”

வழியெல்லாம் அந்தக் கேள்விதான். வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை எழுதினதை எடுத்துப் படித்தேன். ‘பாசத்தால்தான்’ என்று எழுதியிருக்கிறேன். அது அப்பா பெயருக்கு வந்த கடுதாசி. திரும்பிப் போயிருந்தால் அவள் இன்னொன்று போட்டிருப்பாள். என்றாவது ஒரு நாள் அப்பா மனமிறங்கி யாரையாவது வாசிக்கச் சொல்லியிருப்பார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அதனால்தான் கையேந்தி நின்றேன். பாசமும் இருந்தது. முதலில் வந்தது பயம்.

எழுத்து வந்ததில் இது ஒரு தொந்தரவு. சொன்ன பொய் காற்றில் போய்விடும். எழுதின பொய் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஆனி 28, சனி

இன்று வகுப்புக்குப் போகவில்லை. காலையிலிருந்து இதை எழுதுகிறேன். பென்சிலை மூன்று தடவை சீவியாகிவிட்டது.

பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு. வேட்டி சேலையெல்லாம் உவர்மண்ணில் முக்கி, ஆற்றங்கரையில் வெள்ளாவி வைத்திருந்தோம். பானையில் தண்ணீர் கொதிக்கும், அந்த ஆவியில் துணி வேகும். விடிய விடிய நெருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வற்றினால் அடித்துணி கருகிவிடும். அப்பாவுக்குக் காய்ச்சல். நானும் அக்காவும்தான். எனக்குப் பதினைந்து வயது.

அக்கா எனக்கு அவித்த பனங்கிழங்கு உரித்துக் கொடுத்தாள். நார் இல்லாத பாகமெல்லாம் எனக்கு. என் தலையில் பேன் பார்த்தாள். “பெரிய பையன் ஆயிட்டே. இனிமே ஒந் துண்டை நீயே தொவைக்கணும்” என்றாள். பிறகு, “தண்ணி ஊத்திக்கிட்டே இருலே. தூங்கிராத” என்று எழுந்து போனாள். ஒதுங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

தூங்கிவிட்டேன்.

நாற்றத்தில் விழித்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பானை வற்றி வெடித்திருந்தது. மேலே இருந்த துணிகள் தப்பின. அடியில் இருந்தது மயில்கண் வேட்டி. ஒரு ஓரம் கருகிக் கையோடு வந்தது. மாப்பிள்ளை உடுத்த வேண்டிய வேட்டி. அதைச் சுருட்டித் தாழம்புதருக்குள் செருகிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அழுகை. அக்கா போய்விட்டாள். உப்பு வண்டிகள் விடிகிற நேரத்தில் கிளம்பிவிட்டன. அந்த நேரத்தில் பெரிய வீட்டு ஆள் வந்து நின்று, “மயில்கண் வேட்டி எங்கடா?” என்றான். அப்பா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன், “அக்கா கொண்டுபோயிட்டா.”

அந்த இரண்டு வார்த்தையைத்தான், அக்கா என்ற இடத்தில் அவள் பெயரைப் போட்டு, ஊர் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஓடிப்போனவள் என்பதை அப்பா ஒருவேளை தாங்கியிருப்பார். வெளுக்க வந்த துணியைத் திருடினவள் என்பதை ஒரு சலவைக்காரரால் தாங்க முடியாது. பெரிய வீடு துணி போடுவதை நிறுத்தியது. மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக நிறுத்தின. மூன்றாம் நாள் அப்பா வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, அக்காவின் பழைய சேலையைச் சுற்றி, செத்தவளுக்குச் செய்வது எல்லாம் செய்தார். கூடப் பிறந்தவன் நெருப்புச் சட்டி தூக்க வேண்டும் என்றார்கள். தூக்கினேன். கொள்ளி வைத்தேன். வைக்கோல் என்பதால் சட்டென்று பிடித்தது. அந்தச் சேலையின் மூலையில் சின்னப் பிள்ளையில் நான் கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அது எரிவதைப் பார்த்தேன்.

அக்கா போன அன்று மத்தியானமே தாழம்புதருக்குப் போய்ப் பார்த்திருந்தேன். வேட்டி இல்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கையால் நெருப்பு மூட்டியதில்லை. ஈரல் பெரிது என்பதெல்லாம் சும்மா.

ஆனி 29, ஞாயிறு

எழுதிவிட்டு நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனி 32, புதன்

இன்று ஆனி முடிகிறது. ஆடிக்குப் போகவிட்டால் பிறகு பிரிக்கமாட்டேன் என்று தோன்றியது.

காலையில் உறையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். அக்காவின் கல் இன்னும் இருக்கிறது, நடுவில் குழிந்து. அதன்மேல் உட்கார்ந்தேன். வெளியே இருந்த எழுத்தை முதலில் படித்தேன். அப்பா பெயர், எங்கள் ஊர் பெயர். பின்பக்கம், ‘உச்சினி, புளியங்காட்டுத் தோட்டம், மாத்தளை’. கணக்குப்பிள்ளையின் எழுத்து என்னுடையதைவிட மோசம். அதில் கொஞ்சம் தைரியம் வந்தது. எந்த எழுத்து வந்தாலும் விடக்கூடாது என்று வாய்க்குள் உயிரெழுத்தை ஒருமுறை சொல்லிக்கொண்டு முத்திரையை உடைத்தேன். முப்பத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் உடைக்காத முத்திரை.

உள்ளே தாளே இல்லை. ஒரு எழுத்தும் இல்லை.

ஒரு துணி இருந்தது. நாலாக மடித்த வெள்ளைத் துணி, கையகலம். ஒரு ஓரம் கருகியிருந்தது. அதை ஒட்டி மயில்கண் கரையில் இரண்டு கண் மட்டும் மிச்சம். மூலையில் மூன்று புள்ளி, கீழே ஒரு வில்.

நெடுநேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. அவள் வண்டிக்காகத் தாழைக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்திருக்கிறாள். நான் சுருட்டிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறாள். புதருக்குள் என் கை போனதைப் பார்த்திருக்கிறாள். துணியை யாராவது கண்டெடுத்தால் என் முதுகுத் தோல் உரியும் என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பொய் என்று நினைத்துச் சொன்னேன். அவள் உண்மையிலேயே கொண்டுபோயிருந்தாள்.

துணியில் பெரிய வீட்டுக் குறிக்குப் பக்கத்தில், பிறகு வைத்த சேங்கொட்டை மையில் இன்னும் சில குறிகள். ஒரு கொக்கி, அதன் வயிற்றில் ஒரு புள்ளி. கொக்கியைப் பார்த்ததும் எனக்குப் பசித்தது, அது என்ன புத்தியோ. அதற்குக் கீழே இரண்டு கோழிக்கால். இரண்டு பிள்ளை! நான் மாமன். முப்பத்தாறு வருஷமாக மாமன்.

அவளும் யாரிடமும் சொல்லி எழுதவைக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்த பாஷையில்தான் எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை பிரித்திருந்தால் அன்றைக்கே படித்திருப்பேன். இதற்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்.

கல்லில் உட்கார்ந்து அழுதேன். எதிரே எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், “என்ன பெரியவரே, யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டார்.

“இல்லைய்யா. இருக்காவ” என்றேன்.

ஆடி 1, வியாழன்

வகுப்புக்கு நோட்டையும் துணியையும் கொண்டுபோனேன். எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். ஞானப்பூ அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைக் கொடுத்தார். ஆனி 17-ம் தேதியிலிருந்து வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துத் தடுக்கியது. துணியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

தங்கப்பொன்னுதான் கடைசியில், “பாட்டா, எனக்குத் தெரியாது பாட்டா” என்றாள். கண் சிவந்திருந்தது.

“ஒனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே.”

மாடத்தியிடம் வீட்டில் சொன்னேன். அவள் அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டாள். “அத்தையா? எனக்கு ஒரு அத்தையா? இவ்வளவு காலம் வாயைத் தொறக்கலையேப்பா!” என்று திட்டினாள். பிறகு துணியை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆடி 2, வெள்ளி

காலையில் மாடத்தி எழுமுன்பே எழுந்தேன். தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி ஒடிந்தது, இரண்டாவது அணைந்தது, மூன்றாவது பிடித்தது. அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்தேன். மாடத்தி வந்து நின்று பார்த்தாள். “விறகைத் தள்ளி வைங்க, புகையுது” என்றாள்.

பிறகு சேங்கொட்டை வாங்கிவந்து, என் துண்டிலிருந்து கையகலம் கிழித்தேன். முள்ளால் தொட்டு முதலில் கொக்கியும் புள்ளியும் வைத்தேன். மாடத்திக்காக ஒரு கோழிக்கால். அக்காவுக்கு என்ன வைப்பது? அவளுக்குக் குறி கிடையாது. எல்லாருக்கும் வைத்தவளுக்கு யாரும் வைக்கவில்லை. யோசித்து யோசித்து, அவள் துவைக்கிற சத்தத்தைப் போட்டேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு, தள்ளி ஒரு கோடு. அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குக் குறுக்கே, கையை நன்றாக ஊன்றிக்கொண்டு, ஒரு கோடு.

உள்ளே ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஒன்பது மாதப் படிப்பு உறைக்குத்தான் பயன்பட்டது. அதனால் என்ன! ‘உச்சினி’ என்று பெரிதாக எழுதினேன். நாற்பத்தேழு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர், உறை முழுவதும் நிறைந்துவிட்டது. தோட்டத்தின் பெயரைக் கீழே இடுக்கித்தான் எழுத முடிந்தது.

இப்போது இருக்கிற போஸ்ட் மாஸ்டர் சின்ன வயதுக்காரர். படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். “காப்பித் தோட்டமெல்லாம் நோவு விழுந்து அழிஞ்சு தேயிலை ஆயிட்டு பெரியவரே. இந்தப் பேருல தோட்டம் இருக்கோ என்னமோ. ஆளும் அறுபத்தஞ்சு வயசுங்கிய. போய்ச் சேரும்னு சொல்ல முடியாது.”

“சேராட்டா திரும்பி வருமில்லா?”

“வரும்.”

“அப்ப போடுங்க.”

பை கட்டி முத்திரை வைத்து, ஓட்டக்காரர் தோளில் ஏற்றினார். சலங்கை ஆடத் தொடங்கியதும் என் கால் சும்மா நிற்கவில்லை. ஊர் எல்லைப் புளியமரம் வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன். மூச்சு வாங்குகிறது, முட்டி வலிக்கிறது, எழுத்து இன்றைக்கு மிகவும் கோணல்.

சாயங்காலம் வகுப்பில் தங்கப்பொன்னு பாயைத் தூக்கித் தூக்கித் தேடினாள். “குச்சியைக் காணோம். இங்கதான் வச்சேன். உச்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். “நானே எங்கயோ போட்டுட்டேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமைப் பை எனக்கு வசதி. அடுத்த வாரமும் அதே பெயரை எழுதிப் போடுவேன். அதற்குள் ‘ச்’ மேல் வைக்கிற புள்ளியை ஒழுங்காக வைக்கப் பழகவேண்டும், இன்றைக்கு அது உறையை விட்டே வெளியே போய்விட்டது. துண்டில் இன்னும் நிறையத் துணி மிச்சமிருக்கிறது.